காத்திருக்க வசதி உள்ளவர்களுக்கான அறிவியல்

போன தீபாவளிக்கு வாணியம்பாடிக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை என் தங்கையைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, டாக்டர் பட்டம் வாங்கிட்டேன்னு உங்கம்மா ஸ்வீட்டு குடுத்தாங்க. இன்னும் ஊட்லயே கீற?"

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தங்கை சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள். விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "அத்தை, பட்டம் வாங்கினா மட்டும் பத்தாது. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம் வேற ஒரு லேப்ல வேலை செய்யணும். போஸ்ட்டாக்னு பேரு. அதுக்குத்தான் எடம் தேடினு இருக்கா."

"எங்க எழுதிப் போடணும்?"

"அப்டி ஒரு எடம் கெடையாது. ஒவ்வொரு ப்ரொபசருக்கா நாமளே லெட்டர் எழுதிக் கேக்கணும். அவங்ககிட்ட காசு இருந்து, ஆளும் தேவைப்பட்டா கூப்புடுவாங்க."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய வீட்டுக்காரர் முப்பது வருடம் டேனரியில் வேலை பார்த்தவர். "அப்ப காலங்காத்தால கேட்டாண்ட போயி நின்னு மேஸ்திரியக் கேக்கற மாதிரிதானா?" என்றார்.

சேச்சே, அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. பெங்களூருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை சொன்னது சரி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

*

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அப்பா டேனரியில் ஃபிளெஷிங் மெஷினில் நின்றவர், அதாவது தோலின் உட்புறம் ஒட்டியிருக்கும் சதையை வழிக்கும் வேலை. அம்மா கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குப் போய் ஷூவுக்கு அப்பர் தைத்தவர். நான் நான்கு வருடம் பொறியியல் படித்தேன். ஏழாவது செமஸ்டரிலேயே கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. தங்கை என்னைவிட நன்றாகப் படிப்பவள். ஊரிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல், பிறகு முதுகலை, பிறகு சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் முனைவர் பட்ட ஆய்வு. மருந்துக்குக் கட்டுப்படாத க்ளெப்ஸியெல்லா என்ற பாக்டீரியாவைப் பற்றி. ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளிகளைக் கொல்வதில் முன்னணியில் இருக்கும் கிருமி அது. எங்கள் இருவரில் நாட்டுக்கு யார் தேவை என்று கேட்டால் நான் கையைத் தூக்க மாட்டேன்.

அவளுடைய தேடலைக் கணக்கெடுக்க நான் ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தேன். பழக்கதோஷம். பதினேழு மாதத்தில் அவள் அனுப்பிய மின்னஞ்சல்கள் 143. பதிலே வராதவை 112. "இப்போது என்னிடம் பணம் இல்லை" என்று வந்தவை 19. "நீங்களே ஒரு ஃபெல்லோஷிப் வாங்கிக்கொண்டு வந்தால் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்கிறேன்" என்று வந்தவை 7. நேர்காணல் வரை போனவை 5. வேலை, பூஜ்யம்.

ஒவ்வொரு மின்னஞ்சலும் தனியாக எழுதப்பட்டது. அந்தப் பேராசிரியருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்து, அதில் தன் ஆய்வு எங்கே பொருந்தும் என்று யோசித்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும். ஒரு மெயிலுக்கு ஒரு நாள் ஆகும். 143 நாள் சம்பளமில்லாத வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 112 நாள் கிணற்றில் போட்ட கல்.

*

போஸ்ட்டாக் என்பது என்ன? முனைவர் பட்டம் வாங்கியவர் இன்னொரு ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை செய்து, தனியாக ஓர் ஆய்வுக் குழுவை நடத்தும் தகுதியை அடையும் காலம். யோசனையாகப் பார்த்தால் அருமையான யோசனை. அமெரிக்காவில் 1919இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இளம் இயற்பியலாளர்களுக்கும் வேதியியலாளர்களுக்கும் ஃபெல்லோஷிப் கொடுக்கத் தொடங்கியது. பாடம் எடுக்கும் சுமை இல்லாமல் ஆராய்ச்சி மட்டும் செய்யட்டும் என்பது நோக்கம். அதே 1919இல்தான் எங்கள் ஊரில் இஸ்லாமியா கல்லூரி தொடங்கியது. தோல் வணிகம் செய்த ஊர் தன் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய வருடமும், போஸ்ட்டாக் என்ற ஏணி உலகில் ஊன்றப்பட்ட வருடமும் ஒன்று. நூறு வருடம் கழித்து எங்கள் ஊர்ப் பெண் அந்த ஏணியின் அடியில் வந்து நிற்கிறாள். கீழ்ப்படிகள் இல்லை.

இன்று உயிர்மருத்துவ ஆய்வில் போஸ்ட்டாக் இல்லாமல் எதுவும் நகராது. ஆய்வகத்தில் கையால் செய்யும் வேலையில் பெரும்பகுதியை முனைவர் பட்ட மாணவர்களும் போஸ்ட்டாக்குகளும்தான் செய்கிறார்கள். இந்தியாவின் முன்னணி ஆய்வு நிறுவனங்களில் உதவிப் பேராசிரியர் பணிக்கு மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவம் வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தால் நல்லது என்பது எழுதப்படாத விதி. இவ்வளவு அவசியமான கட்டத்துக்குள் நுழைய ஒரு தேர்வு கிடையாது, கவுன்சலிங் கிடையாது, தர வரிசை கிடையாது. மருத்துவம் படிக்க நீட் இருக்கிறது. அதைத் திட்டலாம், எதிர்த்து வழக்குப் போடலாம், போராடலாம். போஸ்ட்டாக்கில் திட்டுவதற்குக்கூட எதிரே யாரும் இல்லை. பேராசிரியரின் இன்பாக்ஸ் மட்டும் இருக்கிறது.

*

இனி இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் பூட்டுகளைப் பார்ப்போம்.

முதல் பூட்டு, ஃபெல்லோஷிப் என்னும் வட்டம். பணத்தோடு வா என்கிறார் பேராசிரியர். சரி என்று பணம் கேட்கப் போனால், முதலில் உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு பேராசிரியரின் கடிதத்தோடு வா என்கிறது ஃபெல்லோஷிப். இந்தியாவின் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பும் அப்படித்தான், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பும் அப்படித்தான். மேரி கியூரிக்கு வருடத்துக்கு ஒரு முறைதான் விண்ணப்பம். ஒரு பேராசிரியர் மனமிரங்கி, திட்டத்தைச் சேர்ந்து எழுதி, போட்டியில் வென்று, பணம் வந்து சேர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம். அந்த ஒரு வருடம் எதைச் சாப்பிடுவது என்பது எந்த விண்ணப்பப் படிவத்திலும் கேட்கப்படாத கேள்வி.

இரண்டாவது பூட்டு, கடிகாரம். ஐரோப்பாவின் எம்போ ஃபெல்லோஷிப்புக்கு முனைவர் பட்டம் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். இந்தியத் தேசிய ஃபெல்லோஷிப்பில் 35 வயது வரம்பு. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு என்பது ஆறுதல். கடிகாரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதாகத் தெரியும். ஆனால் கெமிக்கல் ஆர்டர் கொடுத்தால் மறுநாள் வந்து சேரும் ஊரிலும், நான்கு மாதம் கழித்து, உருகிய ஐஸோடு வந்து சேரும் ஊரிலும் ஒரு முதல் கட்டுரை எழுத ஆகும் காலம் ஒன்றா?

மூன்றாவது பூட்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததற்கும் வாய்மொழித் தேர்வுக்கும் நடுவிலுள்ள பள்ளம். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று யு.ஜி.சி. விதி சொல்கிறது. என் தங்கைக்குப் பதினான்கு மாதம் ஆனது. ஆய்வேட்டைக் கொடுத்த மாதத்தோடு உதவித்தொகை நின்றுவிட்டது. பட்டம் கையில் இல்லாததால் போஸ்ட்டாக்குக்கும் சேர முடியாது. மாணவியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. விடுதி அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தாள். லேப் இல்லாமல் லேப் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி இருக்கும் என்பதை வண்டியை விற்றுவிட்டு டிரைவர் வேலை தேடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் 'பெஞ்ச்' என்று ஒன்று உண்டு. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பெயர். அதைப் பற்றி நாங்கள் புலம்பாத நாள் இல்லை. ஆனால் பெஞ்சில் இருக்கும்போது சம்பளம் வரும். விஞ்ஞானிகளுக்கும் பெஞ்ச் உண்டு, அவர்கள் நின்றுகொண்டு வேலை செய்யும் மேஜைக்கு அதே பெயர்தான். வேலை செய்யும்போது மட்டும் அது அவர்களுடையது. காத்திருக்கும் காலத்துக்கு அவர்களிடம் பெஞ்சும் இல்லை, காசும் இல்லை.

நான்காவது பூட்டு, பரிந்துரைக் கடிதம். மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் கைடு. ஆறு வருடம் அவருக்குக் கீழே இருந்தவர், அவருடைய ஒரு வரியால் வாழவும் சாகவும் முடியும். கடிதத்தில் என்ன எழுதினார் என்று விண்ணப்பித்தவருக்குக் கடைசி வரை தெரியாது. நல்ல கைடு கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் தங்கள் மாணவருக்காகத் தாங்களே போனை எடுத்து, "என் ஸ்டூடன்ட் ஒருத்தி இருக்கா, பாருங்க" என்று பேசிவிடுவார்கள். அந்த ஒரு போன் 143 மெயிலுக்குச் சமம். இதைச் சொல்ல எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை. வேலை கிடைத்த நான்கு போஸ்ட்டாக்குகளைப் பிடித்து எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள், போதும்.

*

"திறமை இருந்தால் கிடைத்துவிடும் சார்" என்று ஒரு நண்பர் சொன்னார். இந்த வாதம் எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாக நானே சொல்லிக்கொண்டிருந்த வாதம்தான், என் வேலையைப் பற்றி.

அவருக்கு எல்லாப்ரகட சுப்பாராவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1923இல் பாஸ்டன் போய் இறங்கினார். தசைகள் எப்படி ஆற்றலைச் சேமித்துச் செலவிடுகின்றன என்பதில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் அவர் செய்த வேலை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த மருந்துகளில் ஒன்று, யானைக்கால் நோய்க்கு எங்கள் வடாற்காடு பக்கம் வீடு வீடாக வந்து கொடுத்துவிட்டுப் போன மாத்திரை. இவ்வளவு திறமை உள்ளவருக்கு ஹார்வர்ட் நிரந்தரப் பதவி தரவில்லை. சரி, அவர் பாஸ்டனில் எப்படித் தாக்குப்பிடித்தார்? பயணத்துக்கு மாமனாரின் பண உதவி இருந்தது. அங்கே போன பிறகு ஒரு மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். திறமை அவரிடம் ஏராளமாக இருந்தது. ஆனால் அவரை அங்கே நிற்க வைத்தது மாமனார் காசும் ராத்திரி வேலையும்தான். மாமனார் காசு இல்லாத எத்தனை சுப்பாராவ்கள் கப்பலே ஏறவில்லை என்று நமக்கு ஒருபோதும் தெரியாது. திறமை இருந்தால் கிடைத்துவிடும் என்பதை நிரூபிக்கக் கிடைத்தவர்களை மட்டும்தான் நாம் எண்ணுகிறோம்.

இன்னொரு நண்பர் கொஞ்சம் கெட்டிக்காரர். "உங்க ஐ.டி.யில மட்டும் ரெஃபரல் இல்லையா? அறிமுகம் இல்லாம உலகத்துல எது நடக்குது?" என்றார். நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் பக்கத்திலேயே நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

1986. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் முதுகலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பரிசோதிக்கும் ஆய்வைக் கொடுத்தார். இந்தியாவில் அந்த நோயே இல்லை என்று நம்பப்பட்ட காலம். நிர்மலா மாதிரிகளைச் சேகரித்தார். ஆனால் சென்னையில் சோதனை செய்யும் வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஏற்பாடானது. நிர்மலாவின் கணவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடன்வர, ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து இறங்கினார்கள். அங்கே நடந்த சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று உறுதியானது அப்படித்தான்.

இந்தக் கதை முழுக்க அறிமுகத்தால் நடந்தது. ஒரு பேராசிரியர் கேட்டார், இன்னொரு ஆய்வகம் கதவைத் திறந்தது. நண்பர் இதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நிர்மலா ஒரு கல்லூரிக்குள் இருந்தார், அவரை வழிநடத்த ஒருவர் இருந்தார், அவருக்காகக் கேட்பது தன் கடமை என்று அந்த ஒருவர் நினைத்தார். அறிமுகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அறிமுகத்தை மட்டுமே வாசலாக வைத்துவிட்டு, அதற்குத் தகுதி என்று பெயர் எழுதி மாட்டியிருப்பதைத்தான் சொல்கிறேன். எனக்கு ரெஃபரல் கிடைக்காவிட்டாலும் நான் விண்ணப்பிக்க ஒரு தளம் இருக்கிறது, அங்கே தோற்றாலும் மூன்று வாரத்தில் வேறு கம்பெனி. என் தங்கை தோற்றால் பதினோரு வருடப் படிப்பு தோற்கிறது.

மூன்றாவது வாதமும் இருக்கிறது: இப்போது எங்குமே பணமில்லை, அமெரிக்காவே கையை விரிக்கிறது, இந்த நேரத்தில் புலம்பி என்ன பயன்? உண்மைதான். 2025இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கொடுத்துவந்த மானியங்கள் பல ரத்தாயின, பல பல்கலைக்கழகங்கள் புதிதாக ஆளெடுப்பதை நிறுத்தின. செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். தங்கையின் ஐந்து நேர்காணல்களில் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில். இரண்டுமே "நிதி நிலைமை தெளிவானதும் சொல்கிறோம்" என்ற வரியோடு நிற்கின்றன. ஆனால் வெளிவாசல் அடைபடும்போதுதான் உள்வாசலைப் பற்றிப் பேச வேண்டும். இத்தனை வருடம் நம் ஆட்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை நாம் அமெரிக்க வரிப்பணத்தின் தலையில் கட்டியிருந்தோம். அதை மூளை வடிகால் என்று திட்டிக்கொண்டே கட்டியிருந்தோம்.

*

உள்வாசல் எப்படி இருக்கிறது? இந்திய நிறுவனங்கள் ரிசர்ச் அசோசியேட் பணியிடங்களை இணையத்தில் அறிவிக்கத்தான் செய்கின்றன. 2023இல் திருத்தப்பட்ட விகிதப்படி மாதம் 58,000 ரூபாயில் தொடங்குகிறது, வீட்டு வாடகைப்படி தனி. குறை சொல்ல முடியாத தொகை. ஆனால் அது ப்ராஜெக்டோடு பிறந்து ப்ராஜெக்டோடு சாகும் வேலை. பதினோரு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தம். தங்கை அப்படி ஒரு நேர்காணலுக்கு ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து போனாள். பயணப்படி கிடையாது என்று அறிவிப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த லேபிலேயே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் வந்து எல்லோருக்கும் டீ கொடுத்தார். மதியம் அந்த வேலை அவருக்குத்தான் என்று தெரிந்தது. டீ கொடுத்தவர் மேல் தங்கைக்குக் கோபம் இல்லை. "அவரும் மூணு மாசமா சம்பளம் வராம இருக்காராம்ண்ணா, இந்த ப்ராஜெக்ட் வந்தாதான் அரியர்ஸாம்" என்றாள்.

எங்கள் ஊரில் ஜாப் வொர்க் என்று ஒரு முறை உண்டு. தோல் உங்களுடையது இல்லை. வேறு யாரோ வாங்கி அனுப்பியது. உங்கள் டிரம்மில் போட்டு, உங்கள் ஆட்களை வைத்துப் பதனிட்டு, திருப்பி அனுப்ப வேண்டும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கு வந்தால் வேலை, வராவிட்டால் டிரம் நிற்கும், ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியில் இத்தாலியிலோ ஜெர்மனியிலோ ஷோரூமில் ஷூவாக நிற்கும்போது அதில் வேறொரு பெயர் இருக்கும். நான் சின்ன வயதில் அப்பா எப்போது வீட்டில் இருப்பார் என்பதை வைத்துத்தான் ஏற்றுமதி நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன். போஸ்ட்டாக் என்பது அறிவியலின் ஜாப் வொர்க். முனைவர் பட்டம் வாங்கியதால் அதற்கு ஃபெல்லோஷிப் என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வந்துடும்டா" என்றார்.

*

இதில் என் குடும்பத்தின் கஷ்டம் மட்டும் இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்து மக்களுக்கும் உயிர்மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழையது. ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு பற்றி வேலூர் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்து சி.எம்.சி. ஆய்வாளர்கள் செய்த ஆய்வு உலகப் புகழ்பெற்றது. இந்தியாவிலேயே உருவான ரோட்டாவேக் தடுப்பு மருந்தின் பெரிய பரிசோதனை, 6,799 குழந்தைகளிடம், டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் நடந்தது. 2016 முதல் அந்த மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. மிகச் சிறந்த வேலை, தலைவணங்குகிறேன். அந்தக் குழந்தைகளின் மலத்தையும் ரத்தத்தையும் கொடுத்தவர்கள் பீடி சுற்றும் தாய்மார்கள், கூலிக்காரர்கள்.

இன்னொரு பக்கம் பாலாறு. தோல் கழிவால் நிலமும் நீரும் கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஆழ வேரூன்றியது எங்கள் கிணறுகளின் பெயரால். குரோமியமும் உப்பும் கலந்த தண்ணீரை இரண்டு மூன்று தலைமுறை குடித்தவர்களின் தோலில், நுரையீரலில், சிறுநீரகத்தில் என்ன நடந்திருக்கிறது என்று வருடக்கணக்காக உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஊர் இது. ஃபிளெஷிங் மெஷினில் நிற்பவர் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்வது ஏன் என்று கேள்வித்தாளில் கேட்டால் பதில் வராது. கேட்பவரின் அப்பாவும் அப்படித்தான் நின்றார் என்றால் பதில் வரும்.

மாதிரி கொடுக்க எங்கள் ஊர் வேண்டும். மாதிரியை ஆராய எங்கள் ஊர் ஆள் வந்தால், உன் கைடு யார், உன்னிடம் ஃபெல்லோஷிப் இருக்கிறதா, பட்டம் வாங்கி ஏன் ஒன்றரை வருடம் இடைவெளி என்று கேட்கிறோம். அந்த இடைவெளியை உண்டாக்கியதே நம் பல்கலைக்கழகங்கள்தான். நேர்காணலில் ஒருவர் இதையேதான் கேட்டார்: இந்தப் பதினேழு மாதம் என்ன செய்தீர்கள்? உங்களைப் போன்ற 143 பேருக்கு எழுதிக்கொண்டிருந்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், அதனால்தான் நான் விஞ்ஞானி இல்லை.

*

என்ன செய்யலாம் என்று சொல்லாமல் திட்டிவிட்டுப் போவது சுலபம். எனவே சொல்கிறேன். இதில் எதுவும் நிலாவுக்கு ராக்கெட் விடும் வேலை இல்லை.

பொதுப்பணத்தில் உருவாகும் ஒவ்வொரு போஸ்ட்டாக் இடமும் ஒரே அரசுத் தளத்தில் வர வேண்டும். சம்பளம், காலம், பணம் எங்கிருந்து வருகிறது, உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறாரா என்பதோடு சேர்த்து. இப்படி ஒரு தளத்தை எழுத என்னைப் போன்ற நான்கு பேருக்கு மூன்று மாதம் போதும்.

ஆய்வேட்டைக் கொடுத்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடியும் வரை உதவித்தொகை தொடர வேண்டும். தாமதம் பல்கலைக்கழகத்துடையது என்றால் செலவும் அதனுடையதாக இருக்கட்டும். மாசுபடுத்தியவர் ஈடு கட்ட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கில் சொன்ன கோட்பாடு, இதற்கும் பொருந்தும்.

முதல் சுற்றில் பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூடாது. வேலையைப் பாருங்கள், பேசிப் பாருங்கள், கடைசி மூன்று பேருக்கு மட்டும் கடிதம் கேளுங்கள். நேர்முகத் தேர்வுக்கு நேரில் அழைத்தால் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணமாவது கொடுங்கள்.

ஒவ்வொரு ஆய்வகமும் தன்னிடமிருந்து வெளியேறியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலை வெளியிட வேண்டும். பொறியியல் கல்லூரிகள் பேனர் அடித்து பிளேஸ்மெண்ட் கணக்குக் காட்டுகின்றன. அதில் பொய் கலந்திருக்கலாம், ஆனால் காட்ட வேண்டும் என்ற கூச்சமாவது இருக்கிறது.

நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2019இல் இந்தியா முழுக்க ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் 25,000 ரூபாயாக இருந்த ஜே.ஆர்.எஃப். 31,000 ஆனது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் போஸ்ட்டாக்குகள் உட்பட 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அங்கே ஊதிய ஒப்பந்தம் மாறியது. டேனரித் தொழிலாளிக்கு இது புதுச் செய்தி இல்லை. விஞ்ஞானிகளுக்குத்தான் தாங்களும் கூலி வாங்குபவர்கள் என்று ஒப்புக்கொள்ளத் தயக்கம்.

இதை எழுதி முடித்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் இப்போது ஒரு நீட் கோச்சிங் சென்டரில் உயிரியல் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெயில் எழுதுகிறாள். எம்போ கடிகாரத்தில் அவளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. படித்துவிட்டு ராத்திரி போன் செய்தாள். "அண்ணா, என்னைப் பாவம் மாதிரி எழுதிட்ட. நான் பாவம் இல்ல. அந்த 19 பேர் பணம் இல்லன்னாவது எழுதினாங்க பாரு, அதப் பத்தி நல்லதா ரெண்டு வரி போடு" என்றாள்.

போட்டுவிட்டேன். அந்தப் பத்தொன்பது பேருக்கும் நன்றி. மீதி 112 பேரிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. வேலை இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். டேனரி கேட்டில் மேஸ்திரி அதையாவது வாயைத் திறந்து சொல்வார். கேட்டவர் அன்றைக்கு வேறு கேட்டுக்குப் போவார்.